வாத்துப் படக்காரருக்கு ஓர் அர்ச்சனை

என் கையெழுத்துக்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். சில நாள் கழித்துப் பார்த்தால் எனக்கே புரிவதில்லை. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரைதான் படித்தேன். அதற்குப் பிறகு இந்தக் கை பேனாவைப் பிடித்ததைவிட ஃபோர்க்லிஃப்ட் வண்டியின் கைப்பிடியைப் பிடித்ததுதான் அதிகம். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். இதைக் கணினியில் தட்டித் தருவதாகச் சொன்ன, லேப்டாப் பழுதுபார்க்கும் கடைக்காரம்மா திருத்திக்கொள்ளட்டும். அவர்தான் இரண்டு வாரமாக, “எழுதிக் குடுங்கண்ணே, எழுதிக் குடுங்கண்ணே” என்று விடாமல் கேட்கிறார். யாருக்காக எழுதுவது, எதற்காக எழுதுவது என்பது எனக்கு இன்னும் தெளிவாகவில்லை. தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன்.

என் மனைவி நிறையப் படிப்பவள். இங்கே மலேசியாவில், குளுவாங்கில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் சின்னச் சின்னச் சாமான்களைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துச் சரிபார்க்கும் வேலை செய்தாள். அந்த வேலை முடிந்து வந்தும் கண்ணுக்கு ஓய்வு கொடுக்க மாட்டாள். வார இதழ், கதைப் புத்தகம், பலகாரம் சுற்றி வந்த காகிதம், எது கிடைத்தாலும் படிப்பாள். பிறகு சர்க்கரை வியாதி அவள் கண்ணைப் பிடித்தது. இப்போது வெளிச்சம் தெரியும், வாசலில் ஆள் நிற்பது தெரியும். எழுத்து தெரியாது.

நான் படித்துக் காட்டினேன். என் வாசிப்பு எழுத்துக் கூட்டிப் போகும் வாசிப்பு. நீளமான வார்த்தை வந்தால் நின்று, பின்வாங்கி, மறுபடி ஏறுவேன். “லோரி மேடு ஏறுற மாதிரியே இருக்குங்க” என்று சிரிப்பாள். கொஞ்ச நாள் போன பிறகு நான் புத்தகத்தை எடுத்தால் தூக்கம் வருகிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். தூக்கம் வரவில்லை என்று எனக்குத் தெரியும்.

எங்கள் கிடங்கு அலுவலகத்தில் ஒரு பழைய லேப்டாப்பைக் கழித்துப் போட்டார்கள். கேட்டு வாங்கிக்கொண்டு, ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பழுதுபார்க்கும் கடைக்குக் கொண்டுபோனேன். அந்தக் கடையை நடத்துவது என் வயதுள்ள ஓர் அம்மா. கண்ணாடியைத் தலையில் மாட்டிக்கொண்டு அதையே தேடுவார். மேசைக்கு மேலே மாதா படம் வைத்திருப்பார். நான் விஷயத்தைச் சொன்னதும் நான்கு நாளில் லேப்டாப்பைத் திருப்பிக் கொடுத்தார். அதில் நிறையத் தமிழ்க் கதைகளும், அவற்றைப் படித்துக் காட்டும் ஒரு பெண் குரலும் இருந்தன. கண் தெரியாதவர்கள் விரலால் தடவிப் பார்த்து அழுத்துவதற்காக மூன்று பட்டன்களில் சின்னச் சின்னப் புள்ளி ஒட்டியிருந்தார்.

“அந்தக் குரலுக்கு எவ்வளவு?” என்று கேட்டேன்.

“சும்மாதாண்ணே. இதுக்குள்ள இருக்கிறது எல்லாமே சும்மாதான். ஓப்பன் சோர்ஸ்.”

எனக்கு அந்த இங்கிலீஷ் புரியவில்லை. சும்மா என்பது மட்டும் புரிந்தது. சும்மா வருகிற சாமான் என்றால் பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்ற திருட்டுச் சிடிதான் எனக்கு ஞாபகம் வரும். மேலே எதுவும் கேட்கக் கூச்சமாக இருந்தது. எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அன்று முதல் வீட்டில் ஒரு மாற்றம். நான் வேலையிலிருந்து திரும்பும்போது என் மனைவி காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு தனியாகச் சிரித்துக்கொண்டிருப்பாள். நான் வந்ததுகூடத் தெரியாது. எனக்குச் சந்தோஷம் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். ஏனென்றால் எங்கள் எதிர் வீட்டுக்காரர் போலீஸ்காரர். நோன்புப் பெருநாளுக்கு அவர் கெத்துப்பாட் சோறு கொண்டுவந்து கொடுத்தபோது நான் அவசரமாக லேப்டாப்பின் மேல் துண்டைப் போட்டு மூடினேன். மூடிய வேகத்தில் இயர்போனின் வயர் கழன்றுவிட்டது. துண்டுக்கு அடியிலிருந்து ஒரு பெண், “கதவைத் திற, இல்லாவிட்டால் நான் செத்துப்போவேன்” என்று தமிழில் கத்தினாள். அவர் துண்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் மனைவி மலாயில், “கதைதான், கதை கேட்கிறேன்” என்று சொல்லிச் சமாளித்தாள்.

இதைக் கடைக்காரம்மாவிடம் சொன்னபோது அவர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

“அலமாக் அண்ணே! திருட்டு இல்லண்ணே இது. செஞ்சவங்களே எடுத்துக்கன்னு வச்சது. உள்ள எப்படிச் செஞ்சிருக்காங்கன்னு யாரும் திறந்து பாக்கலாம், திருத்தலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம். உங்க லோரோங் சந்துல டெங்கி வந்தப்ப எல்லாரும் சேந்து கோத்தோங் ரோயோங் போட்டு லோங்காங் கழுவினீங்கல்ல? அது மாதிரிதான்.”

“அதுக்குக் கடைசியில மீ கோரேங் சாப்பாடு போட்டாங்க” என்றேன். “இவங்களுக்கு யாரு போடுறா?”

இதற்குப் பதில் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. நாங்கள் கழுவியது எங்கள் வீட்டு வாசல் சாக்கடை. கொசு எங்களைத்தான் கடித்தது. இவர்கள் எங்கோ இருந்துகொண்டு குளுவாங்கில் ஒரு பொம்பளைக்குக் கதை படித்துக் காட்ட வேண்டும் என்று ஏன் நினைத்தார்கள்?

சில மாதம் எல்லாம் நன்றாகப் போனது. ஒருநாள் திரையில் ஒரு பெட்டி வந்து ஏதோ கேட்டது. நான் யாருக்கும் வேண்டாம் என்று சொல்லிப் பழகாதவன். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று அழுத்தினேன். மறுநாளிலிருந்து அந்தக் குரல் சரியாக வேலை செய்யவில்லை. சில பக்கங்களின் கடைசிக்கு வந்ததும் அடுத்த பக்கத்துக்குப் போகாமல் அதே பக்கத்தின் மேலே போய் மறுபடி ஆரம்பித்தது. முடித்து, மறுபடி ஆரம்பித்தது.

என் மனைவி அப்போது ஒரு நீளக் கதையின் முக்கால் பாகத்தில் இருந்தாள். புருஷன் செத்த பிறகு வீட்டை விடுதியாக்கி நடத்தும் ஓர் அம்மா. பிள்ளைகள் அந்த வீட்டை விற்கச் சொல்கிறார்கள். விற்பாளா மாட்டாளா என்பதுதான் கதை. முதல் நாள் என் மனைவி சிரித்தாள். “ஏங்க, இந்தப் பொண்ணுக்கு மறதி வந்திருச்சு.” மூன்றாம் நாள் சிரிக்கவில்லை.

“நான் பக்கத்துல உக்காந்து பக்கத்தைத் தள்ளி விடுறேன்” என்றேன். நான் கையால் தள்ளினால் அது போகும்.

“நீங்க உக்காந்து தள்ளிக்கிட்டே இருந்தா அது நான் படிக்கிறதா?” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “கொண்டு போய்க் குடுத்துடுங்க. இல்லாதப்ப இல்லன்னு இருந்துட்டேன். குடுத்துட்டுப் பிடுங்கினாத்தான் கஷ்டமா இருக்கு” என்றாள்.

நான் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனேன். அந்த அம்மா பழைய குரலைத் திரும்பப் போட்டுப் பார்த்தார். நான் ஆமாம் என்று அழுத்தியதில் வந்திருந்த புதியதோடு அது ஒத்துப்போகவில்லை.

“செஞ்சவங்ககிட்டயே சொல்லிருங்கண்ணே.”

“அவங்க எங்க இருக்காங்க?”

“அங்கங்க இருக்காங்க. ஒருத்தர் ஒரு நாட்டுல.”

“முதலாளி யாரு?”

“முதலாளின்னு யாரும் இல்ல.”

முதலாளி இல்லாத இடத்தில் யாரிடம் சொல்வது? எங்கள் கிடங்கில் ஒரு பெட்டி உடைந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லுவோம், அவர் மேனேஜரிடம் சொல்லுவார், மேனேஜர் எங்களையே திட்டுவார். அது எனக்குப் புரிகிற முறை. இன்னொன்றும் மனதில் உறுத்தியது. அதையும் சொன்னேன்.

“கோயில்ல அன்னதானம் போடுறவங்ககிட்ட சாம்பார்ல உப்பு இல்லன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? சும்மா வாங்கிச் சாப்புட்டுட்டுக் குறை சொல்றதா?”

அந்த அம்மா கண்ணாடியைத் தலையிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார். “உப்பு இல்லன்னு சொன்னாத்தானே அடுத்த பந்திக்காச்சும் போடுவாங்க? உங்க பின்னாடி எத்தனை பேர் உக்காந்திருக்காங்களோ.”

சரி, எழுதிவிடலாம் என்றேன். எனக்கு இங்கிலீஷ் வராது, தமிழ் தட்டத் தெரியாது. கோடு போட்ட தாளில் நான் கையாலேயே எழுதினேன். ஐயா அவர்களுக்கு வணக்கம் என்று ஆரம்பித்து, கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டு, என் மனைவியைப் பற்றி எழுதி, விடுதிக்கார அம்மாவைப் பற்றியும் எழுதிவிட்டேன். கடைக்காரம்மா அதைப் படம் பிடித்து, கீழே இங்கிலீஷில் நாலு வரி சேர்த்து, குரலைச் செய்தவர்களின் இணையப் பக்கத்தில் போட்டார். எல்லாரும் பார்க்கிற இடம் என்று பிறகுதான் சொன்னார்.

இரண்டு நாளில் பதில் வந்தது. பதில் போட்டவருக்குப் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணும் கலந்து ஏதோ இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு மஞ்சள் வாத்துப் படம். அவருக்குத் தமிழ் தெரியாதாம். வேறு ஏதோ நாட்டிலிருந்து ஒரு தமிழர் என் கடிதத்தை அவருக்கு மொழிபெயர்த்துச் சொன்னாராம். அந்தத் தமிழர் யார்? அவரை யார் கேட்டார்கள்? தெரியாது. வாத்துக்காரர் ஒன்றுதான் கேட்டார். எல்லாப் பக்கத்திலும் இப்படி ஆகிறதா, சில பக்கத்தில்தானா, எந்தெந்தப் பக்கம்?

இந்தக் கேள்வி மட்டும் எனக்கு நன்றாகப் புரிந்தது. கிடங்கில் சாமான் குறைந்தால் நாங்கள் இப்படித்தான் தேடுவோம். நடுவில் ஓடிப்போய்த் துழாவக் கூடாது. முதல் பலகையிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக் குறித்துக்கொண்டே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாளும் பென்சிலுமாக உட்கார்ந்தேன். என் மனைவி ஒரு நிபந்தனை போட்டாள்.

“படிச்ச பக்கத்துலயே பாருங்க. அதைத் தாண்டிப் போனீங்க, சோறு கிடையாது.”

அவள் கேட்டாள். குரல் திரும்பினால் கையைத் தூக்கினாள். நான் பக்க எண்ணைக் குறித்தேன். மதியம் வரை போனது. குறித்த பக்கங்களைத் திருப்பிப் பார்த்தால் எல்லாவற்றிலும் அடியில் ஒரு சின்னப் பூப்படம் இருந்தது, அத்தியாயம் முடிந்தால் போடுவார்களே, அது. படம் நடுவில் இருந்த பக்கத்தில் குரல் ஒழுங்காகப் போனது. அடியில் இருந்தால் திரும்பியது. நான் வேறு இரண்டு கதையிலும் பார்த்துவிட்டு அப்படியே எழுதிக் கொடுத்தேன்.

ஒரு வாரத்தில் கடைக்காரம்மா கூப்பிட்டார். சரிசெய்த குரல் வந்துவிட்டது. போட்டுக் கொடுத்துவிட்டு வாத்துக்காரர் எழுதியதைப் படித்துச் சொன்னார்: “உங்கள் பட்டியல் இல்லாவிட்டால் நான் பல நாள் தேடியிருப்பேன். உங்களுக்கு மிக்க நன்றி. உங்கள் மனைவிக்கு என் வணக்கம்.”

எனக்கு நன்றியா? நான் திரும்பத் திரும்பக் கேட்டேன். அவர் மாற்றிப் படிக்கிறாரோ என்றுகூட நினைத்தேன். சும்மா கொடுத்தவர், குறை சொன்னவனுக்கு நன்றி சொல்கிறார். கீழே முன்பின் தெரியாத நாலைந்து பேர் இதயப் படம் போட்டிருந்தார்கள்.

முறுக்கு ஒரு டின் அனுப்பலாம் என்று முகவரி கேட்டேன். முகவரி இல்லை. “நன்றின்னு எழுதுங்க, போதும்” என்றார் கடைக்காரம்மா. எழுதினேன். போதும் என்று எனக்குத் தோன்றவில்லை. வெள்ளிக்கிழமை வேலை முடிந்து நேரே கோயிலுக்குப் போய் அர்ச்சனைச் சீட்டு வாங்கினேன்.

“பேரு, நட்சத்திரம்?” என்றார் குருக்கள்.

“தெரியாது சாமி.”

“உங்க பேரு தெரியாதா?”

“எனக்கு இல்ல சாமி, வேற ஒருத்தருக்கு. பேர் தெரியாது. இதுதான் அவரு.” போனில் இருந்த படத்தைக் காட்டினேன்.

குருக்கள் குனிந்து பார்த்தார். “இது வாத்துல்ல?”

பின்னால் வரிசையில் நின்ற ஓர் அம்மா எட்டிப் பார்த்தார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது.

“பேர் இல்லாட்டி சாமி பேருக்கே பண்ணிடலாம். எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க” என்றார் குருக்கள்.

“வேணாம் சாமி, செஞ்சது அவருதான்” என்று சொல்லிவிட்டேன். எப்படி வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை. சாமி சன்னதியிலேயே நின்றுகொண்டு சொல்கிற பேச்சா அது? குருக்கள் கோபித்துக்கொள்ளவில்லை. “சரி, போனைத் தட்டுல வைங்க” என்றார். தேங்காய்க்கும் வாழைப்பழத்துக்கும் நடுவில் வாத்து உள்ளே போனது. திரும்பி வந்தபோது திரையெல்லாம் விபூதி.

கடைக்காரம்மாவிடம் இதைச் சொன்னதும், “அவரு என்ன மதமோண்ணே? ஒண்ணுமே நம்பாதவராக்கூட இருக்கலாம்” என்றார். அதை நான் யோசிக்கவே இல்லை. அன்றிலிருந்து இதுவும் ஒரு குழப்பம். நான் செய்தது சரியா, அவரிடம் சொல்ல வேண்டுமா, சொன்னால் சிரிப்பாரா? அந்தத் தமிழர் வேறு இருக்கிறார், அவருக்கு நான் எதுவுமே செய்யவில்லை. அவருக்கு முன்னால் அந்தக் குரலைக் கொடுத்த பெண், கதைகளைத் தட்டிப் போட்டவர்கள், இன்னும் எத்தனை பேர்? எல்லாருக்கும் சீட்டு வாங்கினால் குருக்கள் என்னை உள்ளே விடுவாரா?

போன வாரம் நான் வேலையிலிருந்து வந்தபோது என் மனைவி இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தாள்.

“மறுபடி கெட்டுப் போச்சா?” என்றேன், பயந்துபோய்.

“இல்ல. முடிஞ்சிருச்சு.”

“வீட்டை வித்துட்டாங்களா?”

“சொல்ல மாட்டேன். நீங்களே படிச்சுத் தெரிஞ்சுக்கங்க.”

எவ்வளவு கேட்டும் சொல்லவில்லை. இத்தனை வருஷத்தில் ஒரு கதையின் முடிவு அவளுக்குத் தெரிந்து எனக்குத் தெரியாமல் இருப்பது புதிதில்லை. ஆனால் கண் போன பிறகு அவள் முடிவை ஒளித்துவைத்து என்னைச் சீண்டுவது இதுதான் முதல் தடவை. இயர்போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை. கண்ணால்தான் படிக்கிறேன், லோரி மேடு ஏறுகிற மாதிரி. நாற்பதாம் பக்கத்தில் இருக்கிறேன். பிள்ளைகள் இன்னும் வீட்டை விற்கச் சொல்லவே ஆரம்பிக்கவில்லை.

9 மார்ச் 2025, ஞாயிற்றுக்கிழமை