இடக் காதில் எங்கள் குறி

"கடிதம் எழுதி ஆரடி பிள்ளை மறியலால வந்தவன்?"

மாமா கேட்டது இது. அம்மாவின் தம்பி. உடையார்கட்டில் எங்கள் முற்றத்துப் பிளாஸ்டிக் கதிரையில் இருந்துகொண்டு, சிறையில் இருந்த அண்ணாவுக்காக நான் எழுதிய முதல் கடிதத்தை வாசிக்காமலே மடித்துத் திருப்பித் தந்தார். வாசிக்கத் தெரியாது என்பதை அவர் அப்படித்தான் மறைப்பார்.

"பெரிய ஆக்களைப் பிடிக்க வேணும். நீ பேனையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்."

எனக்குப் பிடிக்கத் தெரிந்தது பேனை மட்டும்தான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பா பட்டிக்காரர். எங்கள் மாடுகளோடு ஊராரின் மாடுகளையும் சேர்த்து மேய்ப்பார். கோடை வந்தால் எல்லாவற்றையும் சாய்த்துக்கொண்டு குளத்தோரங்களைத் தேடிப் போவார். அண்ணா ஐந்தாம் வகுப்போடு அவருக்குப் பின்னால் போனார். அண்ணா பட்டியோடு போனதால்தான் நான் புத்தகத்தோடு போனேன். அதை நான் ஒருநாளும் மறந்ததில்லை.

பிறகு அண்ணா வளைகுடா நாடொன்றுக்கு ஆடு மேய்க்கப் போனார். அவர் மேய்த்த இடத்தில் எல்லைக்கு வேலி இல்லை. மழை பெய்த பக்கம் புல் முளைத்தது, ஆடுகள் அங்கே போயின, ஆடுகளுக்குப் பின்னால் அண்ணாவும் போனார். பக்கத்து நாட்டுக் காவலர்கள் பிடித்துவிட்டார்கள். எல்லை தாண்டியதற்கு மட்டுமென்றால் சில வாரங்களில் விட்டிருப்பார்கள். ஆடுகளைக் களவெடுத்துக் கடத்தினார் என்றும் எழுதிவிட்டார்கள். அதற்குச் சிறை வருடக் கணக்கில். அண்ணாவின் முதலாளி தனக்கும் வழக்கு வரும் என்று பயந்து, ஆடுகள் தன்னுடையவை என்று வாய் திறக்கவில்லை.

வெளிநாட்டு அலுவல்களைப் பார்க்கும் அரச அலுவலகம் யாழ்ப்பாணத்தில் இருந்தது. பரந்தனில் பஸ் மாறிப் போவேன். அங்கே என் கோப்பைப் பார்த்தவர் ஒரு பெண் அதிகாரி. அவர் கேட்ட கடதாசி எல்லாவற்றையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். நாலாவது முறை போனபோது அவர் முகம் சரியாக இல்லை.

"தங்கச்சி, தூதரகத்தால ஒரு படம் அனுப்பியிருக்கினம். உங்கட அண்ணா ஆடுகளின்ர காதில தன்ர அடையாளத்தை வெட்டியிருக்கிறாராம். முதலாளியின்ர அடையாளம் அது இல்லையாம். களவெடுத்தவன்தான் அப்பிடிச் செய்வான் எண்டு அங்க சொல்லினம்."

கணினித் திரையில் ஓர் ஆட்டின் இடக் காது. நுனி இரண்டாகப் பிளந்து, கீழ் விளிம்பில் ஒரு சிறு வெட்டு. எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அந்தப் படத்தை என் போனில் எடுத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து நான் பார்த்து வளர்ந்த காது வெட்டு அது.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் போனில் காட்டினேன்.

"உது என்ர குறியல்லோ! அரபியின்ர ஆட்டிலயும் போட்டிட்டானே, விசரன்!" அப்பாவின் குரலில் கவலையை விடப் பெருமை கூடுதலாக இருந்தது.

மாமா பாய்ந்தார். "பிள்ளை, உது எங்கட குறியெண்டு எழுதிப்போடாதை. களவெடுத்ததெண்டு நீயே ஒப்புக்கொண்ட மாதிரி."

"இல்லை மாமா. எங்கட பட்டியில நிக்கிற உங்கட மாட்டுக்கு ஆற்ற காது வெட்டு?"

"கொப்பற்ற."

"அப்ப மாடு அப்பாவின்ரயோ?"

"என்ர மாடு எப்பிடியடி கொப்பற்ற ஆகும்? தொடையில என்ர சூடு கிடக்கெல்லே!"

சொன்ன பிறகுதான் மாமாவுக்கே விளங்கியது. காது வெட்டு மேய்க்கிறவனுடையது, சூட்டுக் குறி சொந்தக்காரனுடையது. எங்கள் பட்டிகளில் இது எல்லோருக்கும் தெரியும். பிறந்த குட்டியைக் கண்டால் அண்ணாவின் கை தானாகக் காதுக்குப் போயிருக்கும். அங்கே அதற்கு வேறு அர்த்தம் என்று யார் அவருக்குச் சொன்னார்கள்?

அண்ணா முன்பு அனுப்பிய குரல் செய்திகளை ஒவ்வொன்றாகத் திரும்பக் கேட்டேன். ஒன்றில் இருந்தது: "இவங்கள் ஆட்டுக்குக் கன்னத்தில சுடுறாங்கள். பாக்கப் பாவமாக் கிடக்கு." படம் எடுத்தவர்கள் காதை மட்டுமே எடுத்திருந்தார்கள்.

மாமாவின் மாட்டைத் தொடையும் காதும் தெரியப் படம் பிடித்தேன். அப்படிப் பதினொரு மாடுகள். ஒவ்வொன்றும் யாருடையது, யார் மேய்க்கிறார் என்று எழுதி, கிராம அலுவலரான விதானையாரிடம் கையொப்பம் வாங்கினேன். முல்லைத்தீவில் ஒரு மௌலவி அதை அரபியில் எழுதித் தந்தார். கடைசியில் ஒரே ஒரு வேண்டுகோள்: ஆடுகளின் கன்னத்தைப் பாருங்கள்.

அதிகாரி அதை இரண்டு தரம் வாசித்தார். "இப்பிடி ஒரு கடிதம் நான் தூதரகத்துக்கு அனுப்பினதே இல்லை," என்றார். அன்றைக்கே அனுப்பினார்.

ஐந்து வாரம் ஒன்றும் இல்லை. ஒரு காலை, நான் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. அதிகாரி வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"தங்கச்சி, கன்னத்தில இருக்கு!"

தூதரகத்திலிருந்து ஒருவர் ஆடுகளைக் கட்டிவைத்திருந்த இடத்துக்கே போய்ப் பார்த்திருக்கிறார். எல்லா ஆட்டின் கன்னத்திலும் முதலாளியின் சூடு. அந்தப் படத்தைக் காட்டிக் கேட்டபோது, ஆடுகள் தன்னுடையவை என்பதை முதலாளியால் மறுக்க முடியவில்லை. களவு வழக்கு விழுந்தது. எல்லை தாண்டியதற்கான நாட்களை அண்ணா ஏற்கனவே இருந்து முடித்துவிட்டார்.

அண்ணா மெலிந்து, தாடியோடு வந்திறங்கினார். மாமா அவருடைய தோளில் கை போட்டு, பார்க்க வந்தவர்களிடம் சொன்னார்: "நான் அப்பவே சொன்னனான், கடிதம் எழுது பிள்ளை எண்டு."

வெற்றியில் மாமாவுக்கும் ஒரு பங்கு இருக்கட்டும், மாடு அவருடையதுதானே.

சாப்பிடும்போது அண்ணா, தன்னோடு அதே மறியலில் இருந்த வவுனியாப் பக்கத்து மனிதரைப் பற்றிச் சொன்னார். ஒட்டகங்களுக்குப் பின்னால் எல்லை தாண்டியவர். அவருக்காக எழுத வீட்டில் ஆளில்லை.

முந்தாநாள் வவுனியாவுக்குப் போய் அவருடைய மனைவியைக் கண்டேன். கடிதத்தை வாசித்துக் காட்டினேன்; பெருவிரலை அழுத்தமாகப் பதித்தார். ஒட்டகத்துக்கு எங்கே சுடுவார்கள் என்று அண்ணாவிடம் கேட்டு அதையும் முன்பே சேர்த்திருந்தேன். இன்று காலை அது யாழ்ப்பாண அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் போய்விட்டது.