ஒழுங்கையில் பெல்ட் மாற்றிய மதியம்

காலையில் காரை ஸ்டார்ட் செய்தால் எஞ்சின் பெல்ட் கிரீச்சென்று கத்தும். கொழும்புக் காலி வீதிச் சோதனைச்சாவடியில் அந்தச் சத்தத்துக்கே ஆமிக்காரர் திரும்பிப் பார்ப்பார்கள். பெல்ட் அறுந்து கார் நடுவழியில் நின்றால் பதினேழு வயது மகளோடு நான் இறங்கி நிற்க வேண்டும். நின்றுபோன காரை யுத்தகாலத்தில் யாரும் வெறும் காராகப் பார்ப்பதில்லை. கராஜில் விட்டுவிட்டு வரவும் பயம். யார் என்ன குண்டை உள்ளே வைப்பார்கள் என்று தெரியாது. அதனால் மருதானைப் பக்கம் போய் ஏசிக்கும் டைனமோவுக்குமான இரண்டு பெல்ட்டும் வாங்கிவந்து, வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் முன்னாலுள்ள ஒடுங்கிய ஒழுங்கையிலேயே மாற்றினோம். கட்டாரில் வேலையிலிருந்த கணவர் தொலைபேசியில் முறையைச் சொல்லித்தந்திருந்தார். மகள்தான் கவனமாகக் கேட்டவள்.

ஏசி பெல்ட் இலேசாக முடிந்தது. டைனமோ பெல்ட்டுக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மேலே நின்று டைனமோவைக் கம்பியால் நெம்பிப் பிடித்தால்தான் பெல்ட் இறுகும். அந்த நேரம் மற்றவர் கீழே படுத்து போல்ட்டை முறுக்க வேண்டும். முன்சக்கரங்களைச் சீமெந்துக் கற்களில் ஏற்றியிருந்தோம். மகள் மெலிந்தவள், அவள் கீழே போனாள்.

ரோந்து வந்த மூன்று ஆமிக்காரர் ஒழுங்கைக்குள் திரும்பினார்கள். காரின் திறந்த பொனற், என் கையில் இரும்புக் கம்பி, காருக்கடியில் இரண்டு கால்கள். முன்னால் வந்தவர் துவக்கை அந்தக் கால்களுக்கு நேரே பிடித்து, யார் என்று சிங்களத்தில் கேட்டார். மகள் என்றேன். வெளியே வரச் சொன்னார்.

நான் கத்தினால் அவள் பதறி விரைவாக வருவாள் என்று பட்டது.

"பிள்ளை, கையிலை இருக்கிறதை அங்கையே வைச்சிட்டு வெளியிலை வா. மெதுவா வா."

"சும்மா இருங்கோ அம்மா, இப்பதான் போல்ட் பிடிச்சிருக்கு. விட்டால் பிறகு நீங்கள்தான் வந்து படுக்கோணும்."

"ஓம், நான் படுக்கிறன். நீ வெறுங்கையோடை வா."

அவளுக்கு விளங்கியிருக்க வேண்டும். ஸ்பனரைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. கைகளைத் தொடைமேல் விரித்து வைத்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி ஊன்றி வந்தாள்.

அடையாள அட்டைகளைப் பார்த்தார்கள். யாழ்ப்பாணம் என்றிருந்த பிறந்த இடத்தை ஒருவர் இரண்டு முறை வாசித்தார். வேலையை முடித்துக் காரை ஸ்டார்ட் செய்து காட்டச் சொன்னார்கள். மகள் காருக்கடியில் போக மறுபடியும் குனிந்தாள். கம்பியை அவளிடம் கொடுத்துவிட்டு, சொன்னபடி நான் படுத்தேன்.

கீழேயிருந்து பார்க்க எஞ்சினைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. அவள் அவர்களோடு மேலே நின்றாள்.

"கதைச்சுக்கொண்டே இரு" என்றேன்.

"என்னத்தைக் கதைக்க?"

"எதையாவது."

கொட்டாஞ்சேனை ரியூஷன் வகுப்பில் ஃபான் போட்டதும் மாஸ்டரின் தாள்கள் பறந்ததையும், அவர் அதற்குப் பெட்டைப் பிள்ளைகளை ஏசியதையும் சொன்னாள். வேறும் என்னென்னவோ சொன்னாள். குரல் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. அது நின்றுவிடக் கூடாது என்பதைத் தவிர வேறு நினைவில்லாமல் முறுக்கினேன்.

நான் வெளியே வந்தபோது ஒழுங்கையில் அவள் மட்டும் நின்றாள், கம்பியை அழுத்திப் பிடித்தபடி.

"அவையள் அப்பவே போயிட்டினம். ரேடியோவிலை ஆரோ கூப்பிட்டவை."

ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொல்லியிருந்தால் போல்ட்டை விட்டிட்டு ஓடி வந்திருப்பியள். இறுகிட்டுதோ?"

தெரியவில்லை என்றேன். அவள் கம்பியை என்னிடம் தந்துவிட்டு, பார்ப்பதற்காகக் கீழே படுத்தாள். நான் கம்பியைத் தரையில் போட்டுவிட்டு ஒழுங்கை வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.