மூன்று தரம் மறுக்க வேண்டிய புத்தகம்

பச்சை அட்டை. மூலைகள் தேய்ந்து நார் நாராகிவிட்ட புத்தகம். ஈரானில் ஈராக்குடனான எட்டு வருடச் சண்டை ஓய்ந்த கோடையில், கனடாவில், அஜின்கோர்ட்டில் நான் வேலைசெய்த போட்டோக்கொப்பிக் கடைக்கு அதை ஈரானியப் பேராசிரியர் ஒருவர் கொண்டுவந்தார். தெஹ்ரானில் இலக்கியம் கற்பித்தவர், அரசாங்கத்துக்குப் பிடிக்காததை எழுதியதாலேயே நாட்டைவிட்டு வந்தவர். தான் எழுதிய முதல் நாவல், முழுவதையும் கொப்பி எடுக்க வேண்டும் என்றார். எனக்கோ வாய் சும்மா இருக்காது. எழுத்தைத் தடவிப் பார்த்து, "எவ்வளவு வடிவு!" என்றுவிட்டேன். உடனே மனிதர் நெஞ்சில் கைவைத்து, "இது உங்களுடையது" என்றார். பெரியவர்கள் தருவதை மறுத்தால் மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவள் நான். கொப்பி வேண்டாமா என்று மட்டும் கேட்டேன். பரவாயில்லை என்று சிரித்துவிட்டுப் போனார்.

என் கணவர் அப்போது ஈரானியர் ஒருவரின் உணவகத்தில் சமையல் வேலை. புத்தகத்தைக் காட்டியதும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"உமக்கென்ன விசரே? அவையள் மரியாதைக்கு அப்பிடித்தான் சொல்லுவினம். மூண்டு தரம் வேண்டாமெண்டு சொல்லோணும்!"

மறுநாள், பேராசிரியரைத் தெரிந்த தன் முதலாளியிடம் விசாரித்து வந்து சொன்னது இன்னும் மோசம். மற்றப் பிரதிகளையெல்லாம் அரசாங்கம் அழித்துவிட்டதாம். சண்டை முடிந்தது, பிரதி அனுப்பினால் திரும்ப அச்சிடலாம் என்று அங்கிருந்து அவருடைய பழைய மாணவி ஒருத்தி எழுதியிருக்கிறாளாம். ஐயோ, எனக்கு வெட்கத்தில் சோறு இறங்கவில்லை.

முழுவதையும் கொப்பி எடுத்துக்கொண்டு, பஸ் மாறி மாறி றிச்மண்ட் ஹில்லில் அவர் வீட்டுக்குப் போனேன். தேநீர் வைத்தார். கொப்பிகளை நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். புத்தகத்தை மட்டும் தொடவில்லை.

"அது உங்களுடையது."

"வேண்டாம்."

"தயவுசெய்து, உங்களுடையது."

"வேண்டாம்."

மூன்றாம் முறையும் சொன்னார். நானும் மூன்றாம் முறை வேண்டாமென்றேன். அதன்பிறகுதான் இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது.

சமாளிக்க, கதை என்ன என்று கேட்டேன். முதல் பக்கத்தைப் பாரசீகத்தில் வாசித்து, ஆங்கிலத்தில் சொன்னார். ஒரு தபால்காரன், வாசலில் காத்து நிற்கும் பெண்ணிடம் கடிதத்தைக் கொடுக்காமல் திரும்பிப் போகிறான்.

"பிறகு?" என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். ஏதும் பிழையாகக் கேட்டுவிட்டேனோ என்று பயந்துபோனேன்.

"இந்த நாட்டுக்கு வந்து ஆறு வருடம்," என்றார். "என்னிடம் இதை ஒருவரும் கேட்கவில்லை."