மோட்டார் கொட்டகையில் படித்தவள்

ஒன்பதாம் வகுப்பில் எனக்கு ஒரு எதிரி இருந்தாள். எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டு, என் பாயிலேயே தூங்கினாள். செல்லிப்பட்டில் இருக்கும் சித்தியின் மகள். கட்டட வேலைக்குப் போன சித்தப்பா சாரத்திலிருந்து விழுந்து படுத்த படுக்கையானதும், பத்தாவது முடிக்கிறவரை உங்களோடு இருக்கட்டும் என்று சித்தி அவளைப் பாகூருக்கு அனுப்பிவிட்டாள். என்னைவிட இரண்டே மாதம் பெரியவள். ஆனாலும் அக்கா என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு.

அவள் வருகிறவரை வகுப்பில் நான்தான் முதலாவது. வந்த பிறகு இரண்டாவது. எனக்கு மேசை இருந்தது, மேசைக்கு விளக்கு இருந்தது, சுவரில் ஐந்து நிறப் பேனாவால் எழுதி ஒட்டிய கால அட்டவணையும் இருந்தது. அதை எழுதி முடிக்கவே இரண்டு நாள் பிடித்தது. அவளிடம் இருந்ததெல்லாம் பாலிதீன் பையில் சுற்றிய புத்தகமும் ஒரு துண்டு பென்சிலும். அரையாண்டு மதிப்பெண்ணைப் பார்த்த அப்பா, அக்காவைப் பார்த்துக் கற்றுக்கொள் என்றார். எனக்கு வயிறு எரிந்தது.

சரி, பார்த்தே விடுவோம் என்று ஒரு சனிக்கிழமை காலை அவள் பின்னாலேயே போனேன். மோட்டாருக்குக் கரண்ட் வரும் நேரத்தில் எங்கள் கடலைக்குத் தண்ணீர் கட்டுவது அவள் வேலை. கொட்டகை வாசலில் உட்கார்ந்து படிப்பாள். ஒரு பாத்தி நிரம்பியதும் புத்தகத்தை மூடிவிட்டு, படித்ததை முணுமுணுத்துக்கொண்டே வரப்பில் நடந்து மடையைத் திருப்புவாள். திரும்பி வந்து புத்தகத்தைத் திறந்து, விட்டுப்போன வரிக்கு மட்டும் பென்சிலால் கோடு போடுவாள். பிறகு அடுத்த பாத்தி, அடுத்த பக்கம்.

இத்தனையும் பார்த்த நான் கண்டுபிடித்தது, எல்லாம் அந்த இடத்தின் ராசி என்பதைத்தான். காற்று, நிழல், தொந்தரவு செய்ய ஆளில்லை. யார்தான் முதலாவது வரமாட்டார்கள்? அன்றைக்கே அப்பாவிடம் போய், அவள் புத்தகத்தில் மூழ்கித் தண்ணீரை வீணாக விடுகிறாள் என்று கூசாமல் பொய் சொன்னேன். மறுநாள் மண்வெட்டி என் கைக்கு வந்தது.

நானும் படித்தேன். புத்தகத்தை மூடத்தான் தோன்றவில்லை. நான்கு பக்கம் தாண்டித் தலையைத் தூக்கியபோது பாத்தி நிரம்பி வழிந்து, வரப்பு உடைந்து, பக்கத்து நிலத்துக்காரர் பிடுங்கிக் காயப்போட்டிருந்த உளுந்துச் செடி முழுக்கத் தண்ணீரில் கிடந்தது.

அவர் நேராக எங்கள் வீட்டு வாசலுக்கு வந்து, தெருவே கேட்கக் கத்தினார். அப்பா என் பக்கம் திரும்பினார். நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து அவள் வந்து நின்றாள்.

“நாந்தான் பெரிப்பா. வரப்புல எலி வளை இருந்திச்சி. நேத்தே பாத்தன், அடைக்காம வுட்டுட்டன்.”

என் பொய் முன்னாலேயே போய் இடம்பிடித்து வைத்திருந்ததால் அப்பா உடனே நம்பிவிட்டார். இனி கழனிக்குப் புத்தகம் எடுத்துப் போகக் கூடாது என்று அவளுக்குத் தடை விழுந்தது. எனக்கு நிம்மதியாக அல்லவா இருந்திருக்க வேண்டும்? இல்லை. பழியைக்கூட என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு நல்ல பெயர் வாங்கப் பார்க்கிறாளே என்று ஆத்திரம்தான் வந்தது.

கிணற்றடியில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தவளிடம் போய், “இன்னாத்துக்குடி பொய் சொன்ன?” என்று கேட்டேன். அக்கா என்று சொல்லவில்லை.

அவள் தலை நிமிரவில்லை. “உன்னப் பகச்சிக்கினு இருக்க முடியுமா? பத்தாவது முடியிற வரைக்கும் நானு இந்த வூட்ல இருக்கணும்டி” என்றாள்.

இன்றும் எதைப் படித்தாலும் மூடிவைத்துவிட்டு, நாலடி நடந்து, ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன். அது அவளிடமிருந்து எடுத்துக்கொண்டது. கிணற்றடியில் அவள் சொன்ன அந்த ஒரு வரியைத்தான் அன்று புரிந்துகொள்ளாமல் விட்டுவிட்டேன். இன்னும் ஒரு வருஷம் நான் இரண்டாவதாகவே வர வேண்டுமா என்பது மட்டும்தான் எனக்குக் கேட்டது.