நைனாவை ஒரு தடவையாவது

செஸ்ஸைப் புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும். எடுத்த எடுப்பில் ராணியைக் கிளப்பிக்கொண்டு ஊர்வலம் போவார்கள். வழியில் அகப்படும் இடத்திலெல்லாம் ‘செக்’ சொல்வார்கள். எதிராளி அந்தக் காயை ஏன் நகர்த்தினான் என்று மட்டும் யோசிக்கவே மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து நான் சொல்ல ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறார்கள். எனக்குக் குரல் பெரிது, பொறுமை சிறிது. அதையெல்லாம் தாங்கிக்கொண்டு கடைசிவரை என்னோடு உட்கார்ந்தவள் ஒருத்திதான்.

எழுபதுகளின் கடைசியில் கும்மிடிப்பூண்டியில் நட்டு போல்ட்டு செய்யும் கம்பெனி ஒன்றில், பெண்கள் மட்டுமே இருந்த பேக்கிங் பிரிவில் வேலை பார்த்தேன். பொன்னேரியிலிருந்து ரயிலில் போய்வருவேன். பட்டாளத்திலிருந்து லீவில் வந்த அண்ணன் எனக்கு செஸ் சொல்லிக்கொடுத்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். ஆட்டம் வந்தது, ஆடத்தான் ஆள் இல்லை. அதனால் சாப்பாட்டு வேளையில் எங்கள் பிரிவுப் பெண்களைப் பிடித்து உட்காரவைத்தேன். அட்டைப்பெட்டி மூடியில் கட்டம் போட்டோம். மரை சரியில்லை என்று தள்ளிய சரக்கு மூலையில் குவிந்து கிடக்கும், அதுதான் எங்கள் சேனை. நட்டெல்லாம் சிப்பாய், நீள போல்ட் ராஜா, வாஷர் மாட்டியது ராணி. பளபளப்பானவை ஒரு கட்சி, துருப்பிடித்தவை எதிர்க்கட்சி. எது குதிரை, எது யானை என்பதில் தினமும் ஒரு சண்டை நடக்கும்.

ஒரு மாதத்துக்குள் பாதிப் பேர் கழன்றுகொண்டார்கள். என்னிடம் திட்டு வாங்குவதைவிடச் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்வது மேல் என்று சொன்னார்கள், அதில் தப்பில்லை. ஆரம்பாக்கத்துப் பக்கத்திலிருந்து வந்தவள் மட்டும் நின்றாள். நெல் பயிரிடும் குடும்பம். என்னைவிடச் சின்னவள். ஆந்திர எல்லை ஓரத்து வழக்கப்படி அப்பாவை நைனா என்பாள். அந்த நைனாதான் அவளுக்குச் சின்ன வயதில் ஆட்டம் பழக்கியவர். காயை எடுக்கும் கையில் பழக்கம் தெரிந்தது. அவளிடம் ஒரே ஒரு தொல்லைதான். ராஜாவை யானைக்குப் பக்கத்தில் மூலையில் ஒளித்துவை என்று நான் எத்தனை முறை சொன்னாலும், நட்டநடுவில் அப்படியே விட்டுவைப்பாள். நான் நாலு பக்கமும் வளைத்ததும் நீள போல்ட்டைத் தூக்கிக் குதிரை மாதிரி ஒரு தாவு தாவவைப்பாள்.

இது என்ன அக்கிரமம் என்று கத்தினேன். அவர்கள் வீட்டில் அதுதான் சட்டமாம். ராஜாவுக்கு ஆட்டத்தில் ஒரே ஒரு முறை குதிரைப் பாய்ச்சல் உண்டு. ஆனால் அதற்கு முன்னால் அவர்மேல் ஒரு செக் விழுந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும். நம் பக்கத்துப் பழைய ஆட்டம் அது என்று அண்ணனும் பிறகு கடிதத்தில் எழுதியிருந்தான். எனக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. தாவலை விடவைக்க அவளோடு மல்லுக்கட்டி, கடைசியில் வழிக்குக் கொண்டுவந்தேன். ராஜாவை ஒழுங்காக மூலைக்கு அனுப்பினாள். எனக்கு ஒரே பெருமை.

அந்தச் சமயத்தில்தான் அவளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை பள்ளிப்பட்டு. வேலையை விட்டுவிட வேண்டும். செய்தியைச் சொன்னவள் முகத்தில் வெட்கத்தைத் தேடினேன், காணோம். அவள் கவலை வேறாக இருந்தது.

“போறதுக்குள்ள எங்க நைனாவ ஒரு தடவயாவது ஜெயிக்கணும்க்கா,” என்றாள். “இத்தினி வருசமா ஆடிக்கினு இருக்கேன், ஒரு தடவ கூட விட்டுத் தந்ததில்ல. ஜெயிச்சிட்டு, எழுந்து போய் சோத்தப் போடுன்றாரு.”

நைனா மூலைக்கெல்லாம் வரமாட்டார், தாவத்தான் தாவுவார். அத்தனை பாடுபட்டு மாற்றியதை நானே தலைகீழாக்க வேண்டியிருந்தது. அவர்கள் வீட்டுச் சட்டப்படியே தினமும் ஆடினோம். நான்தான் நைனா. சிப்பாய்க்கு முதல் நகர்த்தலிலும் ஒரு கட்டம்தான், ராஜாவுக்கு ஒரு தாவல். ஒருநாள் தோசையைக் கையில் வைத்துக்கொண்டு யோசிக்கும்போது பட்டது: வீண் செக் கொடுக்காதே என்று புதியவர்களிடம் தொண்டை கிழியச் சொல்வேனே, இங்கே அந்த வீண் செக்தான் வேலை செய்யும். ஆரம்பத்திலேயே ஒன்று கொடுத்துவிட்டால் நைனாவின் ராஜாவால் தாவ முடியாது. சொன்னதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். தோசை கீழே விழுந்தது.

அதற்குப் பிறகு வந்த நாட்களில் அவள் தேறிக்கொண்டே வந்தாள். நான் வாயைத் திறப்பதற்கு முன்பே தப்பைப் பார்த்துக் காயைத் திருப்பி வைப்பாள். என்னை வென்றாள். மறுநாளும் வென்றாள். அண்ணன் போன பிறகு நான் ஏங்கிய ஆட்டம் அதுதான். தோற்றுவிட்டுச் சிரித்துக்கொண்டே பிரிவுக்குத் திரும்புவேன். கல்யாணம் அடுத்த முகூர்த்தத்துக்குத் தள்ளிப்போகாதா என்று மனசுக்குள் ஒரு ஆசை ஓடும். ஜாதகப் பொருத்தம் பார்த்துவைத்த கல்யாணத்தைப் பற்றி யாரிடம் போய் அதைச் சொல்வது?

கல்யாணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை என்னை வீட்டுக்குக் கூப்பிட்டாள். கூடத்தில் சீர்ப் பாத்திரங்கள் அடுக்கியிருந்தன. அவற்றை ஒதுக்கி உட்கார இடம் செய்தார்கள். நைனா ஒல்லியான மனிதர். கம்பெனியில் போல்ட்டை வைத்து ஆடும் பெண் நான்தானா என்று கேட்டுச் சிரித்தார். அம்மா எல்லோருக்கும் நாஷ்டா வைத்தார், நான் மட்டும்தான் சாப்பிட்டேன். அப்பாவுக்கும் பெண்ணுக்கும் பலகையைத் தவிர எதுவும் கண்ணில் படவில்லை.

ஆட்டம் சூடுபிடிப்பதற்கு முன்பே அவள் ராணியைக் கொண்டுபோய் ஒரு செக் கொடுத்தாள். அவர் அலட்சியமாகக் குறுக்கே ஒரு காயை வைத்துவிட்டு, இதையெல்லாமா கம்பெனியில் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று என்னைப் பார்த்தார். நான் இட்லியைப் பார்த்தேன். வெகுநேரம் கழித்து, அவள் யானைகள் இரண்டும் அவர் ராஜாவை நெருக்கின. அவர் நிதானமாக ராஜாவைத் தூக்கினார். தாவப் போகும் கட்டத்துக்கு மேலே கை நின்றது. பிறகு இருந்த இடத்திலேயே வைத்தார். அடுத்த இரண்டு நகர்த்தலில் ராஜாவுக்குப் போக இடமில்லை.

அவள் என்னைப் பார்த்தாள். முகமெல்லாம் சிரிப்பு. எனக்குக் கூடத்திலேயே எழுந்து குதிக்கலாம் போலிருந்தது. நைனா பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் சிரிப்பு மெல்ல அடங்கியது. அவர் தலையை நிமிர்த்தி, அவளிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்.

“எதிர்ல குந்தி சமமா ஆட ஒரு ஆளு இல்லியேன்னு இருந்தேம்மா. இப்ப கெடச்சிருக்கு. நானே வண்டி வச்சி அனுப்பப் போறேன்.”

அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவர் காய்களை மறுபடி வரிசையாக அடுக்க ஆரம்பித்தார். இன்னொரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டார். அவள் தலையாட்டினாள். நான் ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்துகொண்டேன். உண்மையில் ரயிலுக்கு நிறைய நேரம் இருந்தது. ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் தனியாக உட்கார்ந்திருந்தேன். அவள் ஊரைவிட்டுப் போக இன்னும் நாள் இருந்தது. எனக்கு அதற்குள் அவளைத் தேட ஆரம்பித்துவிட்டது.