ரம்பம் போகிற வழி

போன மழைக்காலத்தில் என் வீட்டுக்காரர் திடீரென்று காபியைப் பாதி டம்ளராகக் கேட்க ஆரம்பித்தார். "சர்க்கரை ஏறிடும்" என்றார். சர்க்கரையே போடாத காபிக்கு இது என்ன சாக்கு என்று கவனித்தேன். டம்ளரைத் தூக்கும்போது வலது கை நடுங்கியது. முழு டம்ளர் என்றால் சிந்தும், சிந்தினால் எனக்குத் தெரிந்துவிடும். இத்தனை வருஷம் கூடவே இருப்பவளிடம் மறைக்கிற லட்சணம் இது.

டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். வயதானால் சிலருக்கு இப்படி வரும், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் முழுக்கப் போகாது என்று சொல்லி ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். எனக்குப் போன உயிர் வந்தது. இவருக்கு இருந்த உயிரும் போய்விட்டது. வீட்டுக்கு வந்ததும் ஷெட்டைப் பூட்டிச் சாவியை ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டு சோபாவில் உட்கார்ந்தார்.

ஷெட் என்றால் கார் ஷெட். செம்பாக்கத்தில் வீடு கட்டியபோது கார் வாங்குவோம் என்று விட்ட இடம். கார் வரவில்லை. இவர் ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதும் பேண்ட்சா வந்தது. மேலே ஒரு சக்கரம், கீழே ஒரு சக்கரம், இரண்டையும் சுற்றி நாடா மாதிரி ஓடும் ரம்பம், நடுவில் ஓர் இரும்பு மேசை. செகண்ட் ஹேண்ட் மெஷின் என்பதால் அதோடு வர வேண்டிய ஃபென்ஸ் வரவில்லை. ஃபென்ஸ் என்பது மேசைமேல் பொருத்தும் ஒரு நேரான தடுப்பு. மரத்தை அதில் அணைத்துத் தள்ளினால் சீராக அறுபடும். "அதெல்லாம் கை வராதவனுக்கு" என்பார் இவர். பென்சில் கோட்டைப் பார்த்து வெறும் கையாலேயே அறுப்பார். அதில் அப்படி ஒரு மிதப்பு.

எனக்காகத் தேக்கில் ஓர் அஞ்சறைப்பெட்டி செய்துகொண்டிருந்தார். அதன் தடுப்புகளுக்கு மெல்லிய பட்டைகள் வேண்டும், எல்லாம் ஒரே கனத்தில். அவர் தூங்கும்போது ஷெட்டைத் திறந்து பார்த்தேன். அறுத்துப் போட்டிருந்த பட்டை ஒவ்வொன்றும் பாம்பு ஊர்ந்த தடம் மாதிரி கிடந்தது. எத்தனை தடவை முயன்று பார்த்திருக்கிறார், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அழுகை வந்தது. அதைவிடக் கோபம் வந்தது.

மறுநாள் போனில் யாரிடமோ மெஷினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். சேலையூரில் ஃபர்னிச்சர் கடை வைத்திருப்பவராம். ஞாயிற்றுக்கிழமை வண்டியோடு வந்து எடுத்துக்கொண்டு போகிறாராம்.

"யாரைக் கேட்டு விக்கறீங்க?"

"சும்மாதானே கிடக்கு, இடத்தை அடைச்சுக்கிட்டு."

"நீங்களும்தான் சோபாவுல சும்மா கிடக்கறீங்க. உங்களையும் சேர்த்து வண்டியில ஏத்திவிடவா?"

சண்டைக்கே வராத மனுஷனோடு என்ன சண்டை போடுவது? மெஷின் போய்விட்டால் இவர் அந்த சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டார் என்பது மட்டும் எனக்கு நிச்சயம். ஞாயிற்றுக்கிழமைக்குள் இவரை ஷெட்டுக்குள் இறக்கியாக வேண்டும்.

ஃபென்ஸ் மாட்டுவது எப்படி என்று செல்போனில் வீடியோ பார்த்தேன். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போனேன். பழைய பைப் விற்கும் வரிசையில் கனமான சதுர அலுமினியக் குழாய் ஒன்று கிடந்தது.

"இன்னாக்கா, ஸ்கிரீன் மாட்டவா?" என்றார் கடைக்காரர்.

"ரம்பத்துக்கு. வளைவு இல்லாம இருக்கணும்."

"சோக்கா கீதுக்கா. நீயே கண்ணு வெச்சுப் பாரு."

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு பார்த்தேன். நேராகத்தான் இருந்தது. அதை மேசையோடு இறுக்கிப் பிடிக்க இரண்டு கிளாம்பும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். வீடு வருவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேரை இடித்திருப்பேன்.

நான் பள்ளிக்கூடத்தில் தையல் டீச்சராக இருந்தவள், நேர்க்கோடு எனக்குப் புதிதில்லை. சனிக்கிழமை காலை, மேசையில் வெட்டியிருக்கும் நீளமான காடிப் பள்ளத்துக்கு இணையாகக் குழாயை வைத்து, இரண்டு முனையிலும் அளந்து, கிளாம்பை முறுக்கினேன். வளையலைக் கழற்றி வைத்துவிட்டு சுவிட்சைப் போட்டு, ஒரு மாமரத் துண்டைத் தள்ளினேன். தள்ளத் தள்ள மரம் குழாயை விட்டு விலகியது. அழுத்திப் பிடித்தால் ரம்பம் முனகியது, கருகல் வாசனை வந்தது. வெளியே வந்த பட்டை ஒரு முனையில் அப்பளம், மறு முனையில் அதிரசம்.

சத்தம் கேட்டு ஷெட் வாசலுக்கு வந்துவிட்டார். "என்ன பண்றே?"

"ஃபென்ஸ் மாட்டறேன். உங்க ரம்பம் கோணல்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்."

அவர் வாயிலிருந்து கிண்டல் வந்து எவ்வளவு நாளாகியிருந்தது! உள்ளுக்குள் குளிர்ந்துவிட்டது. வெளியே முறைத்தேன். "ஆடத் தெரிஞ்சவர் வந்து ஆடுங்களேன்."

வந்தார். குழாயைத் தட்டினார், குனிந்து ரம்பத்தைப் பார்த்தார். "கூடமும் கொஞ்சம் கோணல்தான்" என்றார். எந்த ரம்பமும் லேசாக ஒரு பக்கம் இழுக்குமாம். காடியைப் பார்த்து வைத்துப் புண்ணியமில்லை, ரம்பம் போகிற வழியைப் பார்த்துத்தான் ஃபென்ஸை வைக்க வேண்டும். அந்த வழியைக் கண்டுபிடிக்க, கோடு போட்ட பலகை ஒன்றை ஃபென்ஸ் இல்லாமல் வெறும் கையால், கோடு பிசகாமல், பாதிவரை அறுக்க வேண்டும்.

சொல்லி முடித்ததும் தன் கையைப் பார்த்தார். கை நடுங்குகிறவருக்காகத்தான் ஃபென்ஸ். அதைப் பொருத்தவோ நடுங்காத கை வேண்டும்.

"அதான் வித்துடலாம்னேன்" என்று திரும்பினார்.

"நில்லுங்க. என் கை நல்லாத்தானே இருக்கு?"

குழாயைக் கழற்றினேன். பலகையின் ஓரத்துக்கு இணையாக ஒரு கோடு போட்டுக்கொண்டேன். அவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தார். "முரட்டுத்தனமா தள்ளாதே. அது எந்தப் பக்கம் போகுதோ அதுக்குத் தகுந்த மாதிரி பலகையைத் திருப்பிக் கொடு. கோட்டை மட்டும் விட்டுடாதே." துணியை இழுக்காதீங்க, தையல் மெஷினே எடுத்துக்கும் என்று வகுப்பில் நான் தொண்டை கிழியச் சொன்னது இதைத்தான். பலகை மேசைமேல் லேசாகச் சாய்ந்து நகர்ந்தது, அறுப்பு கோட்டின் மேலேயே போனது. விரல்கள் எல்லாம் இருக்கின்றனவா என்று பார்த்துக்கொண்டே தள்ளினேன். பாதி வந்ததும் "அசையாதே" என்று சுவிட்சை அணைத்தார்.

இனி பலகையின் ஓரத்தை ஒட்டி மேசைமேல் ஒரு கோடு இழுக்க வேண்டும். அந்தக் கோடுதான் ரம்பத்தின் வழி. என் இரண்டு கையும் பலகைமேல் இருந்தன, எடுத்தால் நகர்ந்துவிடும்.

"பென்சிலை எடுங்க."

"நானா?"

"பின்னே, பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிடவா?"

எடுத்தார். பென்சில் முனை மேசையில் டக்டக்கென்று தட்டியது. நான் வாயைத் திறக்கவில்லை, எனக்கு அதுவே பெரிய காரியம். பிறகு பென்சிலைப் பலகையின் ஓரத்தில் சாய்த்தார். தட்டல் நின்றது. மெதுவாக இழுத்தார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நேர்க்கோடு.

அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "சாய்ஞ்சுக்க ஏதாவது இருந்தா வருது" என்றார்.

"யாருக்குத்தான் அப்படி இல்ல?" என்றேன். அந்த நிமிஷம் அவர்மேல் வந்த பிரியத்தை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அந்தக் கோட்டுக்கு இணையாகக் குழாயை வைத்து, கிளாம்பை அவரே முறுக்கினார். பார்வைக்கு மேசையில் கோணலாகத்தான் நின்றது. தேக்கை எடுத்துக் குழாயில் அணைத்து, விரல் ரம்பத்துக்குக் கிட்டே போகாமல் கடைசிப் பகுதியை ஒரு கட்டையால் தள்ளினார். வந்த பட்டையை வாங்கிப் பார்த்தேன். இரண்டு முனையும் ஒரே கனம். அவர் அடுத்ததை அறுக்கத் தொடங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை சேலையூர்க்காரர் சொன்னபடி வண்டியோடு வந்துவிட்டார். இவர் தலையெல்லாம் மரத்தூளோடு நின்றார்.

"சார், மெஷின்..."

"டீச்சரைக் கேளுங்க. ஃபென்ஸ் அவங்களோடது."

"விக்கலைங்க" என்றேன். அலைந்து வந்தவரை வெறுமனே அனுப்ப மனசில்லாமல் காபி போட்டு ஷெட்டுக்கே கொண்டுபோனேன். அவருக்கு ஒரு டம்ளர், இவருக்கு வழக்கம்போல் பாதி.

இவர் அந்த டம்ளரைப் பார்த்தார், தன் டம்ளரைப் பார்த்தார்.

"எனக்கும் முழுசா கொண்டா. சிந்தினா துடைச்சுக்கறேன்."

கொண்டுவந்தேன். சிந்தியது. தோளில் கிடந்த துண்டால் மேசையைத் துடைத்தார், பென்சில் கோட்டின் மேல் மட்டும் படாமல்.