தண்ணீர் கொதிக்கும் நேரத்தில் படித்த மரகதம் மிஸி

மரகதம் மிஸி காலமான செய்தி எனக்கு ஒரு முட்டைக்கோஸ் லோரியில் வந்தது. மலையூரான பிரிஞ்சாங்கிலிருந்து கோலாலம்பூர்ச் சந்தைக்குக் காய்கறி ஏற்றிவரும் செல்வம், எங்கள் பத்திரிகை அலுவலக வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, இறங்காமலேயே சொன்னார்.

“அண்ணே, மிஸி போய்ட்டாங்க லா. நேத்து மத்தியானம். கிளினிக்குல, நாக்காலில ஒக்காந்தபடியே.”

செல்வத்தைப் பிறந்தவுடன் கையில் ஏந்தியவர் மிஸி. சரக்கை இறக்கிக் காலியான லோரியில் அவருடனேயே மலையேறினேன்.

மலையில் தாதியை மிஸி என்றுதான் அழைப்பார்கள். ரிங்லெட் ஊருக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கிளினிக்கில் இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒரே மிஸியாக இருந்தவர் மரகதம். நான் அவரை முதலில் பார்த்தது எழுபதுகளின் நடுவில். காய்கறி விலை பற்றி எழுதப் போன இடத்தில் கார்க் கதவில் விரலை நசுக்கிக்கொண்டு அங்கே போனேன். அடுப்பில் ஊசிகள் கொதித்துக்கொண்டிருந்தன. பக்கத்தில் நின்றபடி அவர் ஒரு தடித்த ஆங்கிலப் புத்தகம் படித்துக்கொண்டிருந்தார். கட்டுப் போட்டுக்கொண்டே விவரம் சொன்னார். கடல் கடந்த ஒரு பல்கலைக்கழகம் தாதிமைப் பட்டப்படிப்பைத் தபாலில் நடத்துகிறது. வகுப்பு கிடையாது. ஒரு பாடத்தை முடித்து எழுதி அனுப்பினால் அடுத்த பாடம் வரும்.

“யாரும் மணியடிக்காத படிப்பு, தம்பி. ஊசி கொதிக்க இருபது நிமிசம். ஒரு கொதிக்கு ரெண்டு பக்கம். அதுதான் என் வேகம்.”

“எப்ப முடியும்?”

“தோட்டத்துல யாருக்கும் சீக்கு வராட்டி சீக்கிரம் முடியும். ஆனா அப்ப ஊசி கொதிக்காதே, எங்க படிக்கிறது?”

அதன்பின் மலைக்குப் போகும்போதெல்லாம் எத்தனையாவது பாடம் என்று விசாரிப்பேன். ஆண்டுகள் போயின. எண்பதுகளின் தொடக்கத்தில் கடைசிப் பாடத்துக்கு வந்திருந்தார். தாம் வேலை செய்யும் இடத்தின் உடல்நலத்தைத் தாமே ஆராய்ந்து எழுத வேண்டும். அவரவர் வேகத்தில் படிக்கலாம் என்றாலும் மொத்தப் படிப்புக்கு ஒரு கால எல்லை உண்டு. அதைத் தாண்டினால் எழுதியதெல்லாம் வீண். அந்த எல்லைக்கு ஓராண்டுகூட இல்லை.

மிஸி பெரட்டுக்குப் போனார். காலையில் மேற்பார்வை பார்க்கும் கங்காணி தொழிலாளர்களை வரிசையாக நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பெயர். எல்லாரும் ஓரிடத்தில் கிடைப்பார்கள் என்று எண்ணி, இடுப்பு வலி உண்டா, தோலில் புண் உண்டா என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினார். எல்லாரும் நலம் என்று, மேனேஜர் துரையின் கையெழுத்தோடு அறிக்கை போனது. ஏழு வாரம் கழித்துத் திரும்பி வந்தது. சரிவில் கூடை சுமப்பவர்களில் ஒருவருக்குமா இடுப்பு வலிக்கவில்லை, இந்தக் கேள்விகளை எங்கே நின்று கேட்டீர்கள் என்று எழுதியிருந்தார் திருத்திய ஆசிரியை.

அந்தத் தாளை என்னிடம் காட்டியபோது மிஸி தம்மைத் தாமே திட்டிக்கொண்டார். “இந்தத் தோட்டத்து லயத்து வீட்டுல பொறந்து வளந்தவ நான். பெரட்டுல சீக்குன்னு சொன்னா அன்னைக்குப் புத்தகத்துல பேரு விழாது, சம்பளம் போச்சு. கங்காணிய பக்கத்துல வச்சுக்கிட்டு எவ வாயத் தொறப்பா? அந்த வெள்ளக்காரிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியல பாருங்க.”

அடுத்த ஞாயிற்றுக்கிழமை முதல் அவர் தம் துணிகளை வீட்டில் துவைக்கவில்லை. வாளியோடு ஆற்றங்கரைக்குப் போனார். கங்காணி எட்டிப் பார்க்காத இடம் அது. துவைக்கும் கல்லில் உட்கார்ந்து பெண்கள் பேசினார்கள். பேறுகாலம் முடிந்த சில வாரத்திலேயே கூடை தூக்கியவர்கள் பேசினார்கள். கையுறை இல்லாமல் புல் மருந்து அடிப்பவர்கள் பேசினார்கள். எல்லாவற்றையும் எழுதினார் மிஸி. பெயர்களுக்குப் பதில் எண்களைப் போட்டார்.

வேலை கொடுத்தவரின் கையெழுத்து இல்லாமல் அறிக்கையை அனுப்ப முடியாது. மேனேஜர் துரை படித்துவிட்டுப் பேனாவைக் கீழே வைத்தார். மருந்து அடிப்பவர்களைப் பற்றிய பக்கங்களை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் யார் யார் சொன்னது என்ற பட்டியல் வேண்டும் என்றார்.

“பக்கத்தையும் எடுக்க மாட்டேன், பேரையும் தர மாட்டேன், தொரை,” என்று சொல்லிவிட்டு மிஸி கிளினிக்குக்குத் திரும்பிவிட்டார். எல்லை முடிய மூன்று வாரம் இருந்தது. தபாலுக்கே இரண்டு வாரம் வேண்டும்.

அன்று, புல் மருந்து அடித்துப் புண்ணான விரல்களுக்குக் கட்டுப் போட வந்தவர் செல்வத்தின் தாயார் ராக்கம்மாள். கையெழுத்தில்லாத தாள் மேசையில் கிடப்பதைப் பார்த்து விசாரித்தார். “என் பேரக் குடுத்திட்டுப் பட்டத்த வாங்கிக்க வேண்டியதுதானே?” என்று கேட்டதற்கு மிஸி, “ஒன் பேர வித்துப் பட்டம் வாங்கி எந்தச் செவுத்துல மாட்டுறது?” என்றாராம்.

மறுநாள் நடந்ததை நான் நேரில் பார்க்கவில்லை. மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டேன். மூவரும் ஒன்றையே சொன்னார்கள்.

பெரட்டுக்குத் துரையே வந்தார். மிஸியையும் வரவழைத்தார். “உங்களுக்கெல்லாம் சீக்குன்னு மிஸி எழுதியிருக்காங்க. யாருக்கு என்ன? இப்பவே சொல்லுங்க,” என்றார். பக்கத்தில் கங்காணி நின்றார். மிஸி முதலில் செய்த அதே தவறைத்தான் துரை செய்தார். ஆனால் அவர் அதைத் தெரிந்தே செய்தார். வரிசையில் எல்லாரும் கங்காணியைப் பார்த்தார்கள்.

ராக்கம்மாள் விரல்களில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தார். மூன்று விரல்களில் நகம் இல்லை.

“எனக்குத்தான் தொரை. பேர வெட்டுறதுன்னா வெட்டுங்க.”

“எனக்கும்,” என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல். பிறகு இன்னொன்று. பெண்கள் ஒவ்வொருவராகக் கையை நீட்டிக்கொண்டு முன்னே வந்தார்கள். “கங்காணி, எழுதிக்குங்க, எழுதிக்குங்க, இன்னிக்கு எல்லாருக்கும் லீவு!” என்று யாரோ கத்த, அந்த நேரத்திலும் சிரிப்பு எழுந்ததாம்.

துரையைக் கெட்டவர் என்று எழுத எனக்கு மனமில்லை. நீட்டிய கைகளை அவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிறகு கணக்கெழுதும் கிராணியின் மேசையிலேயே வைத்து, ஒரு பக்கமும் எடுக்காமல், கையெழுத்துப் போட்டார். யாருடைய பெயரும் வெட்டப்படவில்லை. அந்த மாதத்திலேயே கையுறைகள் வந்தன.

சில மாதங்களில் பட்டமும் ஒரு நீளக் குழாயில் சுருட்டி வந்தது. அதை லயம் லயமாகக் கொண்டுபோய்க் காட்டினார்கள். ராக்கம்மாள் முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்து, “இத்தன வருசம் படிச்சதுக்கு ஒத்தத் தாளா?” என்று கேட்டதை மிஸி கடைசிவரை சொல்லிச் சிரிப்பார். டவுன் ஆஸ்பத்திரிகளிலிருந்து அழைப்பு வந்தது. அவர் போகவில்லை. காரணம் கேட்டேன். “இங்கதான் தம்பி தண்ணி சரியா கொதிக்குது,” என்றார்.

செல்வத்தோடு மலையேறிய அன்று மாலை அவரை அடக்கம் செய்தோம். மறுநாள் காலை, ஊர் திரும்புமுன், பெரட்டுக்குப் போய் ஓரமாக நின்றேன். பனி விலகவில்லை. கங்காணி, முன்பிருந்தவரின் மகன், பெயர்ப் புத்தகத்தைத் திறக்குமுன், கையெழுத்து வாங்கிய அந்த நாளிலிருந்து இத்தோட்டத்தில் வழக்கமாகிவிட்ட கேள்வியைக் கேட்டார்.

“யாருக்காச்சும் ஒடம்பு சரியில்லையா?”

நான்கு கைகள் உயர்ந்தன. அவற்றில் ஒன்று மிகவும் இளைய கை. தயங்காமல், கங்காணியின் முகத்துக்கு நேராக உயர்ந்தது. நால்வரின் பெயரும், அன்றைய சம்பளம் போகாமல், புத்தகத்தில் விழுந்தது. அவர்கள் கிளினிக்குப் பாதையில் நடந்தார்கள்.

போய் வாருங்கள், மிஸி. உங்கள் கடைசிப் பாடம் இங்கே தினமும் எழுதப்படுகிறது.